லென்ஸுக்கு யூவி ஃபில்டர்: வாங்குவதிலிருந்து கழற்றுவது வரை

புது லென்ஸுக்குப் பணம் கட்டப் போகும் நேரத்தில் கடையில் ஒரு கேள்வி வரும்: "யூவி ஃபில்டரும் சேர்த்துப் போட்டுடலாமா சார்?" யூவி ஃபில்டர் என்பது புற ஊதாக் கதிரைத் தடுக்க லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் வட்டக் கண்ணாடி. புதிதாக வாங்குபவருக்கு அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்வதென்று தெரியாது. பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்.

எனக்கு இணையத்தில் ஒரு விற்பனையாளர் போலி ஃபில்டரை அனுப்பினார். பில்லில் "கேமரா உதிரிப்பொருள்" என்று மட்டும் இருந்ததால், வந்தது நான் கேட்ட பொருள் அல்ல என்று நிரூபிக்கவே வாரக்கணக்கில் இழுத்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் படம் எடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் ஃபில்டரை மாட்டவும் வேண்டும், கழற்றவும் வேண்டும். வாங்கிய நாளிலிருந்து கழற்றாமலே வைத்திருப்பதும் சரியில்லை, ஒன்றுகூட இல்லாமல் கடற்கரைக்குப் போவதும் சரியில்லை.

1. உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள்

"யூவி ஃபில்டர் போட்டால் படம் தெளிவாக வரும், மலையில் நீல மூட்டம் போகும்" என்று சொல்லி விற்பார்கள். ஃபிலிம் கேமராவில் அதற்குப் பலன் இருந்தது. டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். லென்ஸில் உள்ள கண்ணாடிகளும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அதனால் இன்று யூவி ஃபில்டரின் வேலை ஒன்றே ஒன்றுதான்: லென்ஸின் முன் கண்ணாடியை மூடி நிற்பது. "புரொடெக்டர்", "கிளியர்" என்ற பெயரில் விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. எது நல்ல கோட்டிங்கோடு (ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) கிடைக்கிறதோ அதை வாங்கலாம். "ஸ்கைலைட்" என்று எழுதியிருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் லேசான இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும்.

மூடி நிற்பது எங்கே உண்மையில் உதவும்? கடல் சாரல், காற்றில் பறக்கும் மணல், ஜல்லிக்கட்டுப் புழுதி, ஹோலிப் பொடி, பட்டாசுப் பொறி, வெல்டிங் பட்டறையில் தெறிக்கும் இரும்புப் பொறி, கையை நீட்டி லென்ஸைத் தொடும் குழந்தைகள். இவற்றில் ஏதாவது உங்கள் வழக்கமான படப்பிடிப்பில் உண்டென்றால் வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் ஸ்டுடியோவிலும் மட்டும் எடுப்பவர் என்றால் அந்தப் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

சில லென்ஸ்களுக்குத் தயாரிப்பாளரே ஃபில்டர் போடச் சொல்கிறார். கேனானின் 17-40 எஃப் 4 எல் லென்ஸில் ஜூம் செய்யும்போது முன் கண்ணாடி உள்ளே நகரும். தூசியும் தண்ணீரும் புகாமல் இருக்க ஃபில்டர் மாட்ட வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. உங்கள் லென்ஸின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். யூவி ஃபில்டர் சூரியனிடமிருந்து எதையும் காப்பாற்றாது. 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம் தமிழ்நாட்டில் தெரிந்தபோது, "யூவி போட்டிருக்கேன், எடுக்கலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. கிரகணத்துக்கென்றே விற்கும் சோலார் ஃபில்டர் இல்லாமல் கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பினால் சென்சார் கருகலாம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் பார்வையே போகலாம்.

2. ஃபில்டருக்கு முன் ஹூட் வாங்குங்கள்

கீழே விழுவது, கதவில் இடிப்பது, கூட்டத்தில் யாருடைய முழங்கையாவது படுவது என்றால் காப்பாற்றுவது ஹூட்தான், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் போன்ற மறைப்பு. பிளாஸ்டிக் ஹூட் அடியை வாங்கிக்கொண்டு வளையும், அதிகம் போனால் உடையும். ஃபில்டர் கண்ணாடி மெல்லியது, சின்ன அடிக்கே நொறுங்கும். நொறுங்கிய ஃபில்டரைக் காட்டி "லென்ஸைக் காப்பாற்றியது" என்று சொல்வார்கள். லென்ஸின் முன் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடிமனானது. அந்த அடியை அது தானாகவே தாங்கியிருக்கவும் கூடும்.

ஹூட்டால் இன்னொரு லாபம், பக்கவாட்டு வெளிச்சம் லென்ஸில் விழாமல் தடுத்துப் படத்தின் கான்ட்ராஸ்டைக் காக்கும். கேனானின் விலை உயர்ந்த எல் வரிசையில் இல்லாத லென்ஸ்களுக்குப் பெரும்பாலும் ஹூட் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். உங்கள் லென்ஸுக்கான ஹூட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வைட் ஆங்கிள் லென்ஸுக்குப் பொருந்தாத ஹூட் போட்டால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும்.

3. அளவைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

லென்ஸின் முன்புற விளிம்பிலோ மூடியின் உட்பக்கத்திலோ, குறுக்கே கோடு போட்ட ஒரு வட்டக் குறியும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் ஃபில்டர் அளவு, மில்லிமீட்டரில். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "50 எம்எம் லென்ஸ்" என்பதில் உள்ள 50 குவியத் தூரம், அதற்கும் ஃபில்டர் அளவுக்கும் சம்பந்தமில்லை. கேனான் இஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49 மி.மீ. நிக்கான் ஏஎஃப்-எஸ் 50 எஃப் 1.8 ஜி லென்ஸுக்கு 58 மி.மீ. இரண்டுமே "ஃபிஃப்டி"தான், ஆனால் ஒன்றின் ஃபில்டர் மற்றதில் ஏறாது.

கேமராவோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸிலும் இதே கதை. நிக்கான் 18-55 என்றால் பழைய ஏஎஃப்-எஸ் வகைக்கு 52, ஏஎஃப்-பி வகைக்கு 55. அதனால் "நிக்கான் கிட் லென்ஸுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்காதீர்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் லென்ஸையே கையில் எடுத்துப் போங்கள்.

நிக்கான் 14-24 எஃப் 2.8 ஜி போல முன் கண்ணாடி குமிழாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும் லென்ஸ்களில் ஃபில்டர் மாட்டுவதற்கான த்ரெட்டே (திருகு வரி) கிடையாது. அவற்றுக்கு அதன் கூடவே வரும் ஹூட்தான் காவல்.

4. எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது

எல்லாமே கோட்டிங்கில்தான் இருக்கிறது. கோட்டிங் இல்லாத வெறும் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஃபில்டருக்கு இரண்டு பரப்பு, ஆக ஏறக்குறைய 8 சதவீதம். அந்த ஒளி சும்மா போவதில்லை. லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் இடையில் அலைந்து, படத்தில் வெளுப்பாகவும் பேய் உருவமாகவும் (விளக்கின் மங்கலான நகல்) வந்து உட்காரும். நல்ல மல்டி கோட்டிங் இதை ஒரு பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது.

நான் எழுதும் நேரத்து நிலவரப்படி, சுமாரான கணக்கு இது. பெயர் தெரியாத கண்ணாடிகள் 200 முதல் 400 ரூபாய்க்குக் கிடைக்கும். 52, 58 போன்ற அளவுகளில் ஹோயா, கென்கோ போன்றவற்றின் மல்டி கோட்டட் வகை ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை ஆகும். 77, 82 அளவில் உயர்ந்த ரகம் ஐயாயிரத்தைத் தாண்டும். பி பிளஸ் டபிள்யூ ஃபில்டர்கள் பலவற்றில் அலுமினியத்துக்குப் பதில் பித்தளை வளையம் இருக்கும். பித்தளை த்ரெட்டில் சிக்கிக்கொள்வது குறைவு, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

200 ரூபாய் கண்ணாடியை எந்த லென்ஸிலும் போடாதீர்கள். இதில் மட்டும் எனக்குச் சமரசமே இல்லை. லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, அதன் வழியாக வரும் ஒளி முழுவதையும் சாதாரணக் கண்ணாடித் துண்டின் வழியே அனுப்புவதில் என்ன நியாயம்? நல்லது வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் ஹூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் சேர்ந்ததும் வாங்கலாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் வரும் ஃபிஃப்டிக்கு மூவாயிரம் ரூபாயில் ஃபில்டர் தேவையில்லை. அதன் முன் கண்ணாடி உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. பறவைப் படம் எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் நிக்கான் 200-500, டாம்ரான் 150-600 போன்றவற்றுக்கு 95 மி.மீ. ஃபில்டர் வேண்டும். விலையும் அதிகம், தூரத்தில் உள்ளதை நெருக்கிக் காட்டும் நீளமான டெலி லென்ஸில் ஃபில்டரின் சின்னக் குறையும் படத்தில் பளிச்சென்று தெரியும். அவற்றின் ஹூட் ஏற்கெனவே ஆழமானது. வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ கரையில் நின்று எடுப்பதற்கு ஃபில்டர் எதற்கு?

கடையில் "ஃபில்டர், பை, சுத்தம் செய்யும் கிட் மூன்றும் சேர்த்து" என்று காம்போ காட்டுவார்கள். அதில் வரும் ஃபில்டர் பெரும்பாலும் கோட்டிங் இல்லாதது. லென்ஸை மட்டும் இன்று வாங்குங்கள். ஃபில்டரை இரண்டு நாள் கழித்து யோசித்து வாங்கினால் லென்ஸுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

5. பில், பெட்டி, ஸ்டிக்கர்

போலிகள் அதிகம் புழங்கும் பொருள் இது. பெயர் பெற்ற நிறுவனங்களின் பெட்டியை அப்படியே அச்சடித்து விற்கிறார்கள். அதனால் காகிதங்களில் கவனம் வையுங்கள்.

பில்லில் நிறுவனத்தின் பெயர், ஃபில்டரின் முழு மாடல் பெயர், அளவு மூன்றும் இருக்க வேண்டும். கூடவே கடையின் ஜிஎஸ்டி எண்ணும். "ஃபில்டர் - 1" என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள், அப்போதே திருத்தி எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கினால், பணம் கட்டுவதற்கு முன் விற்பனையாளர் யார் என்று பாருங்கள். தளம் பெரிதாக இருக்கலாம், அதில் பொருளை அனுப்புகிறவர் யாரோ ஒருவர்.

பெட்டியில் இறக்குமதியாளர் ஸ்டிக்கரைத் தேடுங்கள். நல்ல ஃபில்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருடம் எல்லாம் மேலே இருந்தாக வேண்டும். ஸ்டிக்கரே இல்லாத பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு தெரிவதில் தொடங்கி, ஃபில்டர் வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஒரே பதிவாக இருக்கட்டும். தகராறு வந்தால் அந்த வீடியோவும் பில்லும்தான் பேசும். விற்பனையாளர் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில், பணம் கட்டிய ரசீது, அவர்களோடு நடந்த எழுத்துப் பரிமாற்றம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிட்டு அழையுங்கள்.

அப்புறம், லென்ஸின் வாரண்டி கார்டையும் எடுத்து ஒருமுறை படியுங்கள். கீழே விழுந்த சேதம், மணல், தண்ணீர், பூஞ்சை எதுவும் பொதுவாக அதில் அடங்காது. படம் எடுப்பதே தொழில் என்றால் கருவிகளுக்குக் காப்பீடு எடுங்கள். தற்செயல் சேதம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லென்ஸின் வரிசை எண்ணைப் புகைப்படம் எடுத்து வைப்பதும், பில்லில் உள்ள பெயரும் காப்பீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருப்பதும் முக்கியம்.

6. கைக்கு வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு பல இடங்களில் ஒரு வாரம், பத்து நாள்தான். அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் கெடு ஓடிவிடும்.

முதல் சோதனைக்குக் கேமராவே வேண்டாம். டியூப்லைட்டுக்குக் கீழே ஃபில்டரைச் சாய்த்துப் பிடித்து, அதில் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். மல்டி கோட்டிங் இருந்தால் பிம்பம் மங்கலாக, பச்சை அல்லது ஊதா நிறத்தில் தெரியும். கண்ணைக் கூசும் வெள்ளைப் பிம்பம் தெரிந்தால் கோட்டிங் இல்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இல்லைதான். பிறகு ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள், மஞ்சளாகத் தெரியக் கூடாது.

இரண்டாவது சோதனை டிரைபாடில். சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, இரண்டு வினாடி டைமரில், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, ஃபில்டரோடு ஒரு படமும் ஃபில்டர் இல்லாமல் ஒரு படமும் எடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் அதன் அதிகபட்ச நீளத்தில் எடுங்கள். இரண்டையும் பெரிதாக்கி எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடி சமதளமாக இல்லையென்றால் எழுத்து குழையும், சில சமயம் இரட்டையாகத் தெரியும்.

மூன்றாவது, இரவில். தெருவிளக்கை ஃபிரேமின் ஒரு மூலையில் வைத்து எடுங்கள். எதிர்மூலையில், மையத்திலிருந்து அதே தூரத்தில், தலைகீழாக ஒரு மங்கலான ஒளிப்பொட்டு வருகிறதா என்று பாருங்கள். சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி, ஃபில்டரின் தட்டையான பின்பக்கத்தில் மோதி மறுபடியும் சென்சாருக்கு வருவதால் உண்டாவது அது. நல்ல ஃபில்டரிலும் கொஞ்சம் இருக்கும். பளிச்சென்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வைட் ஆங்கிள் லென்ஸ் என்றால் இன்னொன்று. மிக அகலமான நிலையில், துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரை எடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். கறுத்திருந்தால் மெல்லிய வளையம் கொண்ட ஃபில்டராக மாற்ற வேண்டும். மெல்லிய வளையத்திலும் முன்பக்கம் த்ரெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் லென்ஸ் மூடி அதில் நிற்காது.

7. மாட்டும் முறை

மின்விசிறியை நிறுத்துங்கள். லென்ஸின் முகத்தையும் ஃபில்டரின் இரு பக்கத்தையும் ப்ளோயரால் (கையால் அமுக்கிக் காற்று ஊதும் ரப்பர் பந்து) ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். லென்ஸ் மேல்நோக்கி இருக்கட்டும். ஃபில்டரை அதன்மேல் தட்டையாக வைத்து, முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சின்ன 'டிக்' கேட்கும். த்ரெட் நேராக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். நின்றதும் விட்டுவிடுங்கள், இறுக்க வேண்டாம்.

8. கழற்ற வேண்டிய நேரங்கள்

ஃபிரேமுக்குள் விளக்கு வரும்போதெல்லாம் கழற்றுங்கள். கார்த்திகை தீபம், மேடைக் கச்சேரி, இரவு நகரக் காட்சி, சூரிய உதயம், நட்சத்திரங்கள் எல்லாம் இதில் அடங்கும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசரோ, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரோ போடும்போதும் யூவியைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பேய் உருவமும் அதிகம், மூலைகளும் கறுக்கும், இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

தண்ணீரும் விளக்கும் சேர்ந்தே வரும் இடங்கள்தான் கஷ்டம். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியலை எடுத்துக்கொள்ளுங்கள். நாலா பக்கமும் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். இன்னும் முழுதாக விடியாததால் மின்விளக்குகள் எரிகின்றன. ஃபில்டரைக் கழற்றினால் லென்ஸ் நனையும், மாட்டினால் பேய் உருவம் வரும். இங்கே நான் மாட்டியே வைப்பேன். நல்ல கோட்டிங் உள்ள ஃபில்டருக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். ஹூட்டையும் போட்டுக்கொண்டு, விளக்கு ஃபிரேமின் மையத்துக்கு அருகில் வருமாறு அரை அடி நகர்ந்து நின்றால், பேய் உருவமும் அந்த விளக்கின் பக்கத்திலேயே விழுந்து பெரிதாக உறுத்தாது. துளிகளைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணிகள் இரண்டு மூன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஒன்று நனைந்துவிட்டால் அது துடைக்காது, தேய்த்துப் பரப்பத்தான் செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரைக் கழற்றிக் காயவிடுங்கள். லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் இடையில் ஈரம் அடைபட்டால் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். ஃபில்டர் பூஞ்சையைத் தடுக்காது. அதற்கு 40-50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினெட்டோ, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோ வேண்டும்.

9. சுத்தம் செய்வது

முதலில் ப்ளோயர், பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் துணி. சட்டை நுனி, வேட்டி முனை, முந்தானை எதுவும் வேண்டாம். கைரேகை இருந்தால் லென்ஸ் கிளீனரைத் துணியில் விட்டுத் துடையுங்கள், கண்ணாடிமேல் நேராகச் சொட்டாதீர்கள்.

தனுஷ்கோடியிலோ மெரினாவிலோ எடுத்துவிட்டு வந்தால் உப்புப் படிந்திருக்கும். அதைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கோட்டிங்கில் கீறல் விழும். ஃபில்டரை லென்ஸிலிருந்து கழற்றி, நல்ல தண்ணீரில் காட்டி உப்பைக் கரைத்துவிட்டுத் துடையுங்கள். லென்ஸை இப்படிக் கழுவ முடியாது. கடலோரத்தில் ஃபில்டர் கையில் இருப்பதன் பெரிய லாபமே இதுதான். போர் தண்ணீரைத் தவிருங்கள், காய்ந்ததும் வெள்ளைக் கறை விடும். வடிகட்டிய குடிநீர் போதும்.

10. சிக்கிக்கொண்டால், உடைந்துவிட்டால்

திருகி வரவில்லை என்றால் நாம் செய்வது இன்னும் அழுத்திப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் மெல்லிய வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். விரல்களை வளையத்தைச் சுற்றிலும் சமமாக வைத்து லேசாகத் திருப்புங்கள். வரவில்லையா, அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டுத் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஃபில்டர் ரெஞ்ச் என்று பிளாஸ்டிக்கில் ஒரு ஜோடி விற்கிறார்கள், சில நூறு ரூபாய்தான். பையில் ஒன்று கிடக்கட்டும். இடுக்கியைக் கொண்டு போகாதீர்கள்.

ஃபில்டர் உடைந்துவிட்டால் உடனே துடைக்கவோ திருகவோ வேண்டாம். சில்லுகள் உள்ளே விழுந்து முன் கண்ணாடியைக் கீறும். லென்ஸைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்து, கீழே ஒரு தாளை விரித்து, ப்ளோயரால் ஊதி உதிரவிடுங்கள். அதே நிலையில் வைத்தே வளையத்தைத் திருகுங்கள். அடிபட்ட இடத்தில் வளையம் நசுங்கியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். லென்ஸின் த்ரெட் பகுதியை மட்டும் மாற்றுவதற்கு ஆகும் செலவும், முன் கண்ணாடியோடு சேர்த்து மாற்ற ஆகும் செலவும் வெவ்வேறு. வேலையைத் தொடங்கும் முன் இரண்டுக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். காப்பீடு இருந்தால், உடைந்த நிலையிலேயே படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எதையும் கழற்றச் சொல்லாதீர்கள்.